படலைக்கு வரும் வியாபாரம்: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான அனுபவம்

வடமராட்சி கிழக்கில், அம்பனைத் தாண்டிக் கடற்கரையோரமாக இருக்கும் எங்கள் குறிச்சிக்கு 2012 இல் மீளக்குடியேறிய நாளிலிருந்து, மீனைத் தவிர வீட்டுக்குத் தேவையான பொருள்களில் பெரும்பகுதியைப் படலையில் நின்றே வாங்கி வருகிறேன். நெல்லியடிச் சந்தைக்கு பஸ் ஏறிப் போய்த் திரும்புவதென்றால் அரை நாள் கழிந்துவிடும். புதிதாக இந்தப் பக்கம் குடிவருபவர்கள், வாகனத்தில் கொண்டுவருபவர்களிடம் நம்பி வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. வாங்கலாம், ஆனால் விலையைக் கேட்பதற்கு முன்னர், இவர் அடுத்த கிழமையும் இதே ஒழுங்கையால் வருவாரா என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்பதே என் பதில்.

நாள்தோறும் வருவது பாண் ஆட்டோ. அதன் மெட்டு ஒழுங்கை முகப்பில் கேட்டதும் பிள்ளைகள் காசுடன் ஓடுவார்கள். எங்கள் பெரியவர்கள் இன்றும் ‘ஒரு றாத்தல் பாண்’ என்றே கேட்கிறார்கள். சட்டப்படி ஒரு முழுப் பாணின் நிறை 450 கிராம் என்பதால், பெயர் மாறினாலும் அளவு ஏறத்தாழப் பழைய றாத்தலாகவே நிற்கிறது. மாலையில் வரும் பாண் சூடாக இருக்கும். காலையில் வருவதில் முதல் நாள் மிஞ்சியதும் கலந்திருக்கக்கூடும் என்பதால், பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தே வாங்குகிறேன்.

மரக்கறி கொண்டுவரும் ‘பட்டா’ என்ற சிறிய லொறி வாகனம் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. எங்கள் மணலில் தென்னையும் முருங்கையும் நிற்கும். கத்தரியும் வெங்காயமும் வலிகாமத்துச் செம்மண்ணிலிருந்துதான் வரவேண்டும். கரட், லீக்ஸ், கோவா போன்றவை மலைநாட்டில் விளைந்து தம்புள்ளை வழியாக நெடுந்தூரம் வருபவை. ஆகவே வாகனத்தின் பின்கதவு திறந்ததும் நான் முதலில் பார்ப்பது கத்தரிக்காயின் காம்பை. காம்பு பச்சையாக, முள் விரலில் குத்தும்படி இருந்தால் அது அன்று விடியச் சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ எடுத்த காய் என்று துணிந்து வாங்கலாம்; காம்பு சுருங்கிக் கறுத்திருந்தால் அது முந்திய சுற்றில் மிஞ்சியது. லீக்ஸின் வெளி இலைகளை உரித்துவிட்டுப் புதியதுபோல் அடுக்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் அதைத் தொடுவதில்லை. சந்தையை விடக் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடத்தான் கொடுக்கிறேன். அது எனது பஸ் காசையும் அரை நாள் வேலையையும் மிச்சப்படுத்துவதால், நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

இந்த வாகனத்துடன் எனக்குள்ள கொடுக்கல் வாங்கல் காசோடு நின்றுவிடுவதில்லை. வாடைக்காற்று ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் நாங்கள் போடும் கருவாட்டை அவர் நிறுத்து எடுத்துக்கொண்டு, அதன் பெறுமதிக்கு மரக்கறியும் செத்தல் மிளகாயும் தருகிறார். முருங்கைக்காயும் அப்படியே போகிறது. எங்கள் ஊருக்கு வரும் வாகனம் வெறுமையாகத் திரும்பாமல் இருப்பது அவருக்கும் ஆதாயம், எங்களுக்கும் ஆதாயம். சந்தைக்குப் போனால் இந்த வசதி எனக்குக் கிடைக்காது.

நிறை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். கொளுவித் தராசில் அந்த முத்திரையைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. அதனால் ஒரு லீற்றர் போத்தலில் அளந்து தண்ணீர் நிரப்பிக் குசினியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஒரு கிலோ, வெறும் போத்தல் சில பத்துக் கிராம். சந்தேகம் வந்தால் அதைத் தராசில் கொளுவிப் பார்க்கலாம். மரக்கறிக்காரரின் தராசில் ஒருமுறை கொளுவியபோது முள் நூறு கிராமுக்கு மேல் கூடக் காட்டியது. அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த இடத்திலேயே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்து, பக்கத்து வீட்டுக்கு நிறுத்துக் கொடுத்த வெங்காயத்துக்கும் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். நான் அவரிடம் தொடர்ந்து வாங்குவதற்கு அந்த ஒரு பிடி வெங்காயமே காரணம்.

புடவை வியாபாரி மோட்டார் சைக்கிளில் மாதம் ஒருமுறை வருகிறார். பொருளைத் தந்துவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு, மூன்று தவணையில் காசு வாங்குகிறார். நெல்லியடியில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குக் கிடைத்த படுக்கை விரிப்பு இவரிடம் மூவாயிரம். அந்த அறுநூறு ரூபாய் கடனுக்கான விலை என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறேன். ஈரக் கைலேஞ்சியால் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். ஒரு கணக்கு முடியாமல் அடுத்ததைத் தொடங்குவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். நுண்கடனின் கிழமைக் கட்டுப்பணம் வடக்கில் எத்தனை பெண்களை நெருக்கியது என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள்.

நான் ஏமாந்தது 2018 இல். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட மூன்று இளைஞர்கள் வானில் வந்து, ஒரு சீட்டைச் சுரண்டச் சொல்லி, எனக்குப் பரிசுக் கழிவு விழுந்திருப்பதாகக் கூறி, கறி ஒட்டாத சட்டித் தொகுதியொன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தந்து சென்றார்கள். இரண்டு மாதத்தில் பூச்சு உரிந்து கறியில் கலந்தது. உத்தரவாத அட்டையிலிருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம் என்று மகன் சொன்னபோது, என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை, வாகன இலக்கமும் இல்லை. இப்போது பெரிய தொகைக்கு எதை வாங்கினாலும் வாகனத்தின் இலக்கத்தகட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைக்கிறேன். நேர்மையான வியாபாரி எவரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சந்தைகள் பூட்டப்பட்டபோது, அனுமதிப் பத்திரத்துடன் மரக்கறி வாகனம் மட்டும் வந்தது. 2022 இன் எரிபொருள் நெருக்கடி அதைவிடக் கடுமையாக இருந்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தான் கொடுத்தார்கள். பாண் ஆட்டோ கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. நாங்கள் புட்டுக்கும் ஒடியற்கூழுக்கும் திரும்பினோம். புடவை வியாபாரி நான்கு மாதம் வரவில்லை. வந்தபோது பழைய பாக்கியை விலையேற்றத்தைக் காரணம் காட்டிக் கூட்டாமல், கொப்பியில் எழுதியிருந்த தொகையையே வாங்கிச் சென்றார்.

சென்ற மாதம் மரக்கறிக்காரர் வாகனத்தை நிறுத்தியதும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அக்கா, வாற செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டன். மகளின்ர சாமத்தியவீடு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் காணக்கூடியதாய் எடுங்கோ, காசு பிறகு பாப்பம்.” நான் வழமையை விட இரண்டு மடங்கு எடுத்தேன். காசை அப்போதே கொடுத்து, பிள்ளைக்கென்று ஒரு சிறிய தொகையும் சேர்த்து அனுப்பினேன்.