மானைக் கடையில் கொடுப்பதா, வீட்டிலேயே வெட்டுவதா?

விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் ஒன்பது நாள் பருவம், நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமையில் தொடங்குகிறது. அந்த நாள்களில் மானைச் சுட்டவர் எவரும் அன்று மாலைக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: வெட்டித் தரும் கடையில் மானைக் கொடுப்பதா, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே வெட்டுவதா? மேடிசன் நகருக்கு மேற்கே நான் இதுவரை நான்கு வெள்ளைவால் மான்களைச் சுட்டிருக்கிறேன். நான்கும் பெண் மான்கள். முதல் மானைக் கடையில் கொடுத்தேன். மற்ற மூன்றையும் என் கராஜில் நானே வெட்டினேன். வீட்டில் வெட்டுவதன் பக்கமே நான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் பணம் அல்ல.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே அங்கிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த வேலையில் முன்பழக்கம் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்டுக்கறிக் கடையில் நின்று பார்த்ததுதான் நமக்குத் தெரிந்தது. அது சில இடங்களில் உதவுகிறது, சில இடங்களில் தவறான பக்கம் இழுக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் குடலைக் காட்டிலேயே எடுத்தாக வேண்டும். மானை மல்லாத்தி, மலத்துளையைச் சுற்றி அறுத்துக் குடலை விடுவித்து, கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து வயிற்றுத் தோலை மார்பெலும்புவரை கீறி, உதரவிதானத்தை இருபுறமும் வெட்டி, மூச்சுக்குழாயைக் கையெட்டும் மட்டும் மேலே அறுத்து இழுத்தால் உள்ளுறுப்புகள் ஒரே தொகுதியாக வெளியே வந்துவிடும். மானுக்குப் பித்தப்பை கிடையாது. ஆட்டின் ஈரலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் கவனத்தை இங்கே இரைப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் கொடுக்க வேண்டும். பின்னங்கால் மூட்டின் உட்பக்கத்தில் உள்ள வாடைச் சுரப்பிகளைத் தொட்ட கையுறையோடு இறைச்சியைத் தொடக்கூடாது. பிறகு மார்புக்கூட்டை ஒரு குச்சியால் அகலத் திறந்துவைத்துக் குளிரவிட வேண்டும். இதில் பிழை செய்தவருக்குக் கடையும் உதவாது, வீடும் உதவாது.

வெளிப்படையான வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். கடையில் நான் கொடுத்த கூலி 120 டாலர், சாசேஜுக்குத் தனிக்கட்டணம். வீட்டில் வெட்டுவதற்கு ஆறு அங்குல எலும்பு நீக்கும் கத்தி, அதைத் தீட்டும் கோல், அரைக்கும் இயந்திரம், காற்றை உறிஞ்சிப் பொட்டலம் போடும் இயந்திரம் என ஏறத்தாழ 300 டாலர் ஆயிற்று. வீட்டில் வெட்டிய மூன்றாவது மானோடு அந்தச் செலவு ஈடாகிவிட்டது. வீட்டில் வெட்டிய முதல் மானுக்கு இரண்டு மாலைகளில் ஒன்பது மணி நேரம் பிடித்தது, கடைசி மானுக்கு ஐந்து மணி நேரம் போதுமானதாக இருந்தது. குடல் நீக்கியபின் 120 பவுண்டு இருந்த ஒரு மானிலிருந்து எலும்பில்லாத இறைச்சி 50 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. கடையிலிருந்து வந்த அளவும் இதை ஒட்டியே இருந்ததால் எடையைப் பற்றி எனக்குக் குறையில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது ஒரே கேள்விதான்: பொட்டலத்தில் இருப்பது என் மான் மட்டுந்தானா?

முதல் ஆண்டில் கடையில் மானை இறக்கியபோது, முதுகுத்தசையும் தொடைக்கறியும் என் மானிலிருந்தே வரும் என்றும், அரைத்த கறியும் சாசேஜும் பல மான்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக அரைத்து அவரவர் எடைக்கு ஏற்பப் பிரித்துத் தரப்படும் என்றும் சொன்னார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. பருவத்தின் முதல் இரண்டு நாள்களில் வந்து குவியும் மான்களை வேறு விதமாகக் கையாள்வது ஒரு சிறு கடைக்கு மிகக் கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து என் மானின் நோய்ப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் அதன் பொருள் உறைத்தது.

சி.டபிள்யூ.டி. என்று இங்கே எல்லாரும் சொல்லும் நோய், மான்களின் மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைத்து மெலிந்து சாகவைப்பது. கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் 1967இல் முதலில் கவனிக்கப்பட்ட இது, விஸ்கான்சினின் காட்டு மான்களிடம் 2002இல் உறுதிசெய்யப்பட்டது. மாநிலத்தின் தென்பகுதி, அதாவது நான் வேட்டையாடும் பகுதி, இன்று அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. இதற்குக் காரணம் கிருமி அன்று, பிரயான் எனப்படும் உருக்குலைந்த புரதம். சமைக்கும் சூட்டில் அது அழிவதில்லை. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. கடையில் கொடுப்பவர்கள் தங்கள் மானைத் தனியாக வெட்டித் தரும்படி கேட்பது நல்லது என்றும் அது சொல்கிறது. தொண்டையின் பின்புறமுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துச் செய்யும் பரிசோதனை விஸ்கான்சின் வேட்டைக்காரர்களுக்கு இலவசம்.

என் மானில் நோய் காணப்படவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் ஃப்ரீசரில் இருந்த இருபது பவுண்டு அரைத்த கறியைப் பொறுத்தவரை அந்த முடிவுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. என் மானோடு சேர்த்து அரைக்கப்பட்ட மற்ற மான்கள் எத்தனை, அவை எந்தக் காட்டிலிருந்து வந்தன, அவற்றைச் சுட்டவர்கள் பரிசோதனைக்குக் கொடுத்தார்களா என்று சொல்ல யாராலும் முடியாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தார்கள். அந்தக் கறியை நாங்கள் சமைக்கவில்லை.

இதே கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஈயக் குண்டு மானின் உடலில் பாய்ந்ததும் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்திலிருந்து வெகுதூரம் பரவுகிறது. வட டகோட்டாவில் 2008இல், ஏழைகளுக்கு உணவு வழங்கும் மையங்களுக்கு நன்கொடையாக வந்த அரைத்த மான்கறியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரியவந்து, இருப்பில் இருந்ததை அகற்றும்படி சொல்ல நேர்ந்தது. நான் செப்புக் குண்டு பயன்படுத்துகிறேன். குண்டு நுழைந்த இடத்தைச் சுற்றிக் கையகலத்துக்கும் மேலாக வெட்டி எறிகிறேன். ஆனால் கூட்டாக அரைக்கும் இடத்தில், தோளெலும்பை உடைத்துச் சென்ற இன்னொருவரின் ஈயக் குண்டு என் தட்டுக்கு வருவதை என் எச்சரிக்கை எதுவும் தடுக்காது. குண்டு போன வழி சுட்டவருக்குத்தான் தெரியும். அதை அறிந்த கையே கத்தியையும் பிடிப்பது, வீட்டில் வெட்டுவதன் மிகப்பெரிய பலன் என்று நான் கருதுகிறேன்.

தனியாக வெட்டித் தரும் கடைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடை அருகில் இருந்து, அரைத்த கறிக்கும் அதே உறுதியை அவர்கள் தருவார்களானால் என் வாதத்தின் பாதி வலு போய்விடும்.

மீதிப் பாதி வெட்டும் முறையைச் சார்ந்தது. ஆட்டுக்கறிப் பழக்கம் தவறான பக்கம் இழுக்கும் இடமும் இதுதான். நாம் எலும்போடு துண்டுபோட்ட கறியை விரும்புகிறோம், நெஞ்செலும்பில் சூப்பு வைக்கிறோம், தலைக்கறியையும் மூளையையும் சுவரொட்டியையும் தேடி வாங்குகிறோம். சி.டபிள்யூ.டி. உள்ள பகுதியில் மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றைத்தான் முதலில் விலக்கச் சொல்கிறார்கள், ஏனெனில் பிரயான் அங்கேதான் மிகுதியாகச் சேர்கிறது. சுவரொட்டி மண்ணீரல்தான் என்பதை என் தாயாருக்குத் தொலைபேசியில் விளக்கியபோது அவருக்கு வருத்தமாகவே இருந்தது. முதுகெலும்பை வாளால் அறுத்தால் தண்டுவடத்தின் துகள் இறைச்சி முழுவதும் படியும். எனவே வீட்டில் நான் வாளையே எடுப்பதில்லை. மானின் முன்னங்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணைந்திருக்கவில்லை. தசை மட்டுமே அதைப் பிடித்திருப்பதால், காலை வெளியே இழுத்துப் பிடித்துக் கத்தியை விலாவோடு ஓட்டினால் முழுச் சப்பையும் கையோடு வந்துவிடுகிறது. பின்தொடையை இடுப்பின் பந்துமூட்டில் பிரிக்கலாம். முதுகுத்தசை இரண்டும், விலாக்கூட்டுக்குப் பின்னே முதுகெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மிக மென்மையான இரண்டு சிறு தசைகளும் கத்தி முனைக்கே கழன்றுவருகின்றன. தொடையைக் குறுக்கே வெட்டாமல், தசைகளுக்கு நடுவே இயற்கையாக ஓடும் சவ்வைத் தொடர்ந்து விரலாலேயே பிரித்தால் நான்கைந்து முழுத் தசைகள் கிடைக்கும். கடையில் கொடுத்த முதல் மானில் இவையெல்லாம் குறுக்கே அறுத்த வட்டத் துண்டுகளாக வந்திருந்தன. ஒவ்வொரு துண்டிலும் நாலு திசையில் நார் ஓடியது.

மான் கொழுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டுக் கொழுப்பு குழம்புக்குச் சுவை தருகிறது, மான் கொழுப்போ ஆறியவுடன் மெழுகாக உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஃப்ரீசரிலும் விரைவில் காறிப்போகிறது. மான்கறியில் வீச்சம் என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தக் கொழுப்பும் வெள்ளைச் சவ்வும்தான் என்பது என் எண்ணம். அவற்றை முழுவதும் நீக்குவதற்குத்தான் என் ஐந்து மணி நேரத்தில் பாதி போகிறது. கூலிக்கு வெட்டுபவர் ஒரு மானுக்கு அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது.

வீட்டு வேலையின் சுமையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. தசை விறைப்பு நீங்குமுன் எலும்பிலிருந்து அறுத்து உறையவைத்தால் கறி சுருங்கிக் கடினமாகிவிடும் என்பதால், மானைக் குறைந்தது ஒரு நாளாவது உறைநிலைக்குச் சற்று மேலே, 4 பாகை செல்சியசுக்கு மிகாத குளிரில் தொங்கவிட வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் ஒரு கன அடிக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் புதிதாக வைத்தால் நடுப்பகுதி உறையத் தாமதமாகும். ஆகவே ஒரே இரவில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. கத்திகளை ஒட்டியிருக்கும் தசை முழுவதும் போகக் கழுவி, வீட்டு ப்ளீச்சை 40 சதவீதமாகக் கலந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைக்கிறேன். எஃகின் மேற்பரப்பில் உள்ள பிரயானை அது செயலிழக்கச் செய்வதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒட்டியிருக்கும் தசைத் துணுக்கின் உள்ளே ப்ளீச் ஊடுருவாது என்பதால் அங்குள்ள பிரயானுக்கு அது பொருந்தாது. மரப்பலகையை நான் பயன்படுத்துவதில்லை. எலும்பையும் தோலையும் காட்டில் வீசாமல் குப்பைக் கிடங்குக்குச் சேர்க்கும் பொறுப்பும் வீட்டில் வெட்டுபவருக்கே.

கடைதான் சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்லும் நேரமும் உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பகலில் 12 பாகைவரை வெயில் ஏறுகிறது. குளிர்விக்கும் அறை இல்லாதவர் அன்று கராஜில் மானைத் தொங்கவிடுவது தவறு. அந்த நிலை எனக்கு வந்தால் இருட்டுவதற்குள் கடை வாசலில் நிற்பேன், அரைக்கத்தக்க துண்டுகளை அரைக்காமல் அப்படியே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரிய ஆண் மானை நான் இன்னும் வெட்டியதில்லை, அதனால் பருத்த கழுத்தும் கனத்த சவ்வும் உள்ள முதிய மானுக்கு என் நேரக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். புகையூட்டிய சாசேஜையும் என்னால் கடையைப் போலச் செய்ய முடியவில்லை. இரண்டு முறை முயன்றும் உலர்ந்து உதிர்ந்தது. சென்ற ஆண்டு எலும்பு நீக்கிச் சுத்தம் செய்த 25 பவுண்டு கறியைக் கொண்டுபோய், தனி ஈடாகப் போட்டுத் தரும் ஒரு கடையில் கொடுத்தேன். அதற்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை எனக்கு உறுத்தவில்லை.

இப்போது என் ஃப்ரீசரில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் மானின் பதிவெண்ணும், எந்தத் தசை என்பதும், வெட்டிய தேதியும் எழுதியிருக்கின்றன. பரிசோதனை முடிவு வரும்வரை எல்லாம் அடித்தட்டில் இருக்கும். முடிவு வந்த அன்று மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, முதுகுத்தசையில் ஒன்றை எடுத்து மிளகு வறுவல் செய்கிறோம்.