பெர்மிட் வந்துவிட்டது, சரி. போகலாமா?

சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு தனியார் ஜெட் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே திரிசூலம் மலை, உள்ளே மூன்று கம்ப்யூட்டர் திரை. முதலாளி ஒருவர், விமானம் ஒன்று: லெகசி 650. அது எங்கே போனாலும் வழி போடுவது, கடக்கிற ஒவ்வொரு நாட்டிடமும் அனுமதி வாங்குவது, எரிபொருள், பார்க்கிங், விமானிகளுக்கு ஹோட்டல் எல்லாம் என் தலையில்தான். "பிளேன் கம்பெனியில் வேலை" என்று அம்மா சொன்னால் சொந்தக்காரர்கள் ஏர் ஹோஸ்டஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

இந்த வேலைக்காக நாங்கள் காசு கொடுத்து வாங்கும் இரண்டு சேவைகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஒன்று, டிரிப் சப்போர்ட் நிறுவனம். பெயர் சொல்லப் போவதில்லை. பெரிய ஏர்லைன்ஸ்களுக்கு ஊர் ஊராக அலுவலகம் இருக்கும். ஒற்றை விமானம் வைத்திருக்கும் எங்களுக்கு நைரோபியில் யாரைத் தெரியும்? அதனால் பெர்மிட், ஹேண்ட்லிங் ஏஜென்ட் (இறங்கும் ஊரில் விமானத்தின் தரை வேலைகளைப் பார்ப்பவர்), எரிபொருள் ஏற்பாடு எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிடுகிறோம். இரண்டாவது, ஆப்ஸ்குரூப். விமானிகள், டிஸ்பாட்சர்கள், கன்ட்ரோலர்கள் சந்தா கட்டிச் சேர்ந்து, தாங்கள் கண்டதையும் பட்டதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குழு. போர்ப் பகுதி வான்வெளிகளைக் குறித்து வைக்கும் சேஃப் ஏர்ஸ்பேஸ் என்ற இணைய வரைபடமும் அவர்களுடையது. அதைப் பார்க்க யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

முதல் சேவைக்கு நாங்கள் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் இரண்டாவதற்குப் போகிறது. எதை நம்பி ராத்திரி தூங்குகிறேன் என்று கேட்டால், இரண்டாவதைத்தான்.

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து மஸ்கட், அங்கே எரிபொருள் போட்டுக்கொண்டு பிரான்சின் நீஸ். ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியிருந்தது. எங்கள் பக்கம் அதனால் பெரிய இடி இல்லை, வடக்கே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வலி. மஸ்கட்டுக்கு அப்புறம் டிரிப் சப்போர்ட்காரர்கள் போட்டுக் கொடுத்த வழி ஈராக், துருக்கி என்று போனது. அதுதான் குறுக்கு வழி, எரிபொருளும் மிச்சம்.

புதன்கிழமை ராத்திரி டிவியில், பாக்தாத் தூதரகத்தில் அவசியமில்லாத ஊழியர்களை அமெரிக்கா வெளியேறச் சொன்ன செய்தி ஓடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டோடு எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். தூதரகம் ஆளைக் கிளப்புகிறது என்றால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. டிரிப் சப்போர்ட் டெஸ்க்குக்கு மெயில் போட்டேன்: ஈராக் வழி இப்போதும் சரிதானா, உங்கள் அபிப்பிராயம் என்ன? பதினைந்தே நிமிடத்தில் பதில். வேகத்தில் குறை சொல்ல முடியாது. "எல்லா பெர்மிட்டும் கையில் உள்ளது. புறப்படத் தயார்."

நான் கேட்டது அதையா?

சவூதி, எகிப்து வழியாக இன்னொரு செட் பெர்மிட் எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். இரண்டு வழிக்கு இரண்டு கட்டணம். பில்லைப் பார்த்து எங்கள் சார், "ஒரு கல்யாணத்துக்கு எதுக்கும்மா ரெண்டு மண்டபம்?" என்றார்.

வியாழக்கிழமை மதியம் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமான விபத்து. அதற்கப்புறம் அலுவலகத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. எல்லோருக்கும் அந்தக் கம்பெனியில் தெரிந்தவர் யாராவது இருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை போன் அடித்தபோது இன்னொரு விபத்தோ என்று கை நடுங்கித்தான் எடுத்தேன். இஸ்ரேல் ஈரானைத் தாக்கியிருந்தது. சிறிது நேரத்தில் ஈரான், ஈராக், ஜோர்டான் என்று வரிசையாக வான்வெளிகள் மூடின.

மஸ்கட் வரை தொந்தரவு இல்லை என்பதால் விமானத்தைக் கிளப்பிவிட்டோம். எனக்குக் கிடைத்தது மூன்றரை மணி நேரம். டிரிப் சப்போர்ட் டெஸ்க்கில் ஐம்பது நிமிடம் பாட்டுதான் கேட்டது. ஆயிரம் பேர் அதே நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள், அதுவும் புரிகிறது. புது ஃப்ளைட் பிளானை நானே போட்டேன். பறக்கும் நேரம் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் கூடியது. லெகசி மணிக்குச் சுமார் ஒரு டன் குடிக்கும், அதற்கேற்ப மஸ்கட்டில் எரிபொருளைக் கூட்டச் சொன்னேன். வந்து சேரும் நேரம் மாறினால் நீஸில் ஸ்லாட்டும், அதாவது இறங்க ஒதுக்கிய நேரமும், மாற வேண்டும். ஜூன் மாதம் நீஸில் தனியார் ஜெட்டுக்கு இடம் பிடிப்பது, வைகாசி முகூர்த்தத்தில் மண்டபம் பிடிக்கிற மாதிரி. எப்படியோ கிடைத்தது.

மஸ்கட்டில் இறங்கியதும் கேப்டன் கூப்பிட்டார். "மேடம், எந்த வழி?"

"சவூதி, எகிப்து, அப்புறம் கிரீட்."

"பெர்மிட்?"

"புதன்கிழமையே வாங்கியாச்சு."

அவர் விமானப்படையில் இருந்து வந்தவர், பாராட்டு எல்லாம் வாயில் வராது. "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதும். சார் அதற்கப்புறம் இரண்டாவது மண்டபத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

டிரிப் சப்போர்ட் நிறுவனம் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. அவர்கள் விற்பது பெர்மிட். ஒரு நாடு பெர்மிட் கொடுப்பது, என் வான்வெளியில் வரலாம், கட்டணத்தைக் கட்டு என்பதற்குத்தான். கீழே யார் கையில் என்ன ஏவுகணை இருக்கிறது என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. 2014 ஜூலை 14 அன்று உக்ரைன் தன் கிழக்குப் பகுதி வான்வெளியை 32,000 அடி வரை மூடியது. அதற்கு மேலே திறந்துதான் இருந்தது. மூன்று நாள் கழித்து மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச்17 அங்கே 33,000 அடியில் பறந்தது, முறைப்படி எல்லா அனுமதியோடும். ஏவுகணை தாக்கி 298 பேர் போனார்கள். 2020 ஜனவரி 8 விடியற்காலை தெஹ்ரானில் உக்ரைன் இன்டர்நேஷனல் விமானம் புறப்பட்டபோதும் அந்த விமான நிலையம் திறந்துதான் இருந்தது. அங்கேயும் ஏவுகணைதான், 176 பேர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் வீட்டு போன் நம்பர் மாதிரி மனப்பாடம்.

ஆப்ஸ்குரூப்பை நம்புவது இதற்காகத்தான். சேஃப் ஏர்ஸ்பேஸ் வரைபடத்தில் ஆபத்து மூன்று படிகளாகப் பிரித்துக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாட்டைத் தொட்டால், அதைப் பற்றி அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் போன்றவர்கள் தங்கள் விமானங்களுக்கு விடுத்திருக்கும் எச்சரிக்கைகள் ஒரே இடத்தில் கிடைக்கும். தன் வான்வெளி ஆபத்தானது என்று எந்த நாடும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. அடுத்த வீட்டுக்காரன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

விமானிகளுக்கு அதிகாரபூர்வமாக வரும் அறிவிப்பு, நோட்டாம், இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு தடவை நோட்டாம் அச்செடுத்தால் அறுபது பக்கம் வரும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிரேன் நிற்கிறது, டாக்ஸிவேயில் (ரன்வேக்கு ஊர்ந்து போகும் பாதை) ஒரு விளக்கு எரியவில்லை, புல் வெட்டுகிறார்கள், இதற்கு நடுவே எங்கேயோ ஒரு வரியில் வான்வெளி மூடியிருக்கும். எல்லாம் ஒரே கேப்பிடல் எழுத்து, ஒரே சுருக்கெழுத்து. 2017 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று ரன்வே என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற டாக்ஸிவேயில் இறங்கப் பார்த்தது. பக்கத்து ரன்வே மூடியிருந்த தகவல் நோட்டாம் கட்டுக்குள் புதைந்து கிடந்தது. அந்த விசாரணையின்போது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ராபர்ட் சம்வால்ட் நோட்டாம்களைக் குப்பை என்றே சொன்னார். நான் அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

ஆப்ஸ்குரூப்பின் தினசரிச் சுருக்கம் இதற்கு நேர்மாறு. நாலு வரி, சாதாரண மனிதப் பேச்சு. எது மாறியது, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யலாம், அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். மார்க் ஸீ என்பவர் ஆரம்பித்தது. அந்தப் பேச்சு நடை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

ஆனால் எனக்கு உண்மையில் விலைமதிப்பானது உறுப்பினர்கள் சொல்லும் கதைகள்தான். 2023 செப்டம்பரில் ஈராக் வான்வெளியில் யாரோ அனுப்பும் போலி சிக்னலால் ஜிபிஎஸ் பொய் சொல்ல ஆரம்பித்ததை நான் முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். ஐரோப்பாவிலிருந்து துபாய்க்குப் போன ஒரு தனியார் ஜெட்டில் இரண்டு ஜிபிஎஸ்ஸும் போய், ஐபேடிலும் போய், ஆட்டோபைலட் இடமும் வலமுமாகத் திருப்ப ஆரம்பித்திருக்கிறது. அனுமதி இல்லாமல் ஈரானுக்குள் நுழையும் அளவுக்குப் போய்விட்டார்கள். அந்த ஜெட் ஒரு லெகசி 650. படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஹேங்கருக்குப் போய் எங்கள் விமானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அடுத்த வருடம் ஆப்ஸ்குரூப்பே ஒரு பணிக்குழு அமைத்து அறிக்கை போட்டது. 2024 ஆகஸ்டில் ஒரு நாளைக்கு 1,500 விமானங்கள் வரை இதில் மாட்டியதாக அதில் இருந்தது.

அந்த அறிக்கையை வைத்து எங்கள் விமானிகளுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: காக்பிட் கடிகாரம் திடீரென்று தாவினால் முதலில் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகப்படு, உயரத்தில் பறக்கும்போது, தரை நெருங்குகிறது, மேலே தூக்கு என்று எச்சரிக்கும் கருவி "புல் அப்" என்று கத்தினால் எங்கே இருக்கிறோம் என்று யோசித்துவிட்டுச் செய், கைக்கடிகாரத்தை முன்கூட்டியே சரி பார்த்துக்கொள். ஜூன் 13 சாயங்காலம் நீஸில் இறங்கிய கேப்டனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எகிப்தைத் தாண்டும்போது காக்பிட் திரையை எடுத்த போட்டோ. கூடவே ஒரு வரி: "நாற்பதாயிரம் அடியில் போகிறோம், பெய்ரூட் ரன்வேயில் நிற்பதாகக் காட்டுகிறது. உங்கள் காகிதம் உதவியது." பாராட்டு வராது என்று மேலே எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆப்பிரிக்காவில் கதையே வேறு. அங்கே பயம் ஏவுகணையை விட ரேடியோவைப் பற்றியது. நைரோபிக்குப் போகும்போது எங்கள் வழி சோமாலியாவின் மொகடிஷு வான்வெளியைத் தொடும். 1991-க்குப் பிறகு அங்கே கன்ட்ரோலர் விமானங்களைப் பிரித்து வழிநடத்தும் ஏற்பாடே இல்லாமல் இருந்து, 2023 ஜனவரியில்தான் திரும்ப வந்தது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இன்றைக்கும் விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் தாங்களே அறிவித்துக்கொண்டு போவார்கள். கொண்டை ஊசி வளைவில் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிற மாதிரி.

இந்த நைரோபி பயணத்தில்தான் டிரிப் சப்போர்ட் நிறுவனத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அவர்கள் அனுப்பிய பட்டியலில் விசா இருந்தது, ஹோட்டல் இருந்தது, கேட்டரிங் மெனு கூட இருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அந்த அட்டை செல்லும். எங்கள் கேபின் பெண் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியே போயிருந்தால் திரும்பி வரும்போது சென்னையில் தனிமைப்படுத்தியிருப்பார்கள். கடைசி நேரத்தில் ஆளை மாற்றினேன். பாவம், அவள் சஃபாரிக்கெல்லாம் தொப்பி வாங்கி வைத்திருந்தாள். வேறொரு தடவை, வேறொரு ஊரில், எரிபொருளுக்கான உத்தரவு போய்ச் சேராமல் கேப்டன் கையிலிருந்த டாலர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்து டேங்கை நிரப்பினார். அதற்கும் சேர்த்து ஏற்பாட்டுக் கட்டணம் பில்லில் வந்தது. சண்டை போட்டுத்தான் கழித்தேன்.

இப்போதெல்லாம் புது ஊர் என்றால் முதலில் ஆப்ஸ்குரூப்பின் ஏர்போர்ட் ஸ்பை பக்கத்தைப் பார்த்துவிடுகிறேன். போய் வந்தவர்கள் எழுதி வைத்தது: ஹேண்ட்லிங் எப்படி, எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், என்ன கேட்டார்கள். எல்லா ஊருக்கும் இருக்காது. போக்குவரத்து குறைந்த ஊருக்குப் பழைய குறிப்புதான் கிடைக்கும், தேதி பார்த்துப் படிக்க வேண்டும். வரைபடத்திலும் நிறத்தைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல் உள்ளே போய்ப் படிக்க வேண்டும், ஒரே நாட்டுக்குள் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நிலைமை வேறு. அப்புறம், அவர்கள் உங்களுக்காகப் பெர்மிட் வாங்கமாட்டார்கள், வழி போடமாட்டார்கள். அந்த வேலைக்கு ஆள் வேண்டும்தான்.

அதனால் டிரிப் சப்போர்ட் ஒப்பந்தத்தை நிறுத்தவில்லை, புதுப்பித்தோம். மாற்று வழிக்கான பெர்மிட்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்க வைத்தேன். இரண்டு வாரம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று பதினைந்து நிமிடத்தில் பதில் போடுவதற்கு. ஆப்ஸ்குரூப்புக்கு நாலரை. உங்களிடம் விமானம் இல்லாவிட்டாலும், பிள்ளையைப் பார்க்க லண்டன் போகிறீர்கள் என்றால் அந்த இலவச வரைபடத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்கள் விமானம் ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று புரியும்.

சார் இன்று காலை புதிதாக ஒரு ஊர் சொன்னார்: தாஷ்கண்ட். டெல்லியிலிருந்து நேராகப் போனால் மூன்று மணி நேரம். பாகிஸ்தான் மூடியிருக்கும்வரை நேராகப் போக முடியாது. ஈரான், துர்க்மேனிஸ்தான் என்று சுற்ற வேண்டும். "பெர்மிட் கிடைக்கும்ல?" என்றார். கிடைக்கும் சார் என்றேன். வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், போகலாமா என்பதற்கு இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.