நெல்லையில 14 வருசமா வெளிய சாப்புட்ட அனுபவம்: எங்கன்னு கேக்காதீங்க, எத்தனை மணிக்குன்னு கேளுங்க

போன மாசம் சென்னையிலருந்து சித்தப்பா மவன் குடும்பத்தோட வந்துருந்தான். வந்த அன்னைக்கே காலையில 11 மணிக்கு டவுனுக்குப் போயி இருட்டுக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடுதான், "அண்ணே, கடை பூட்டிக் கெடக்கே, இன்னைக்கு லீவா?"ன்னு. மத்தியானம் 3 மணிக்கு மேலப்பாளையம் போயிருக்கான், அங்க ஒரு கடையில பெஞ்சு கழுவிக்கிட்டு இருந்துருக்காவ. நைட்டு பத்தரைக்கு சைவச் சாப்பாடு தேடி திரும்ப டவுனு. மூணு நாளும் இப்படியே அலைஞ்சிட்டு, ரயில் ஏறுறப்ப "திருநவேலி சாப்பாடு சுமார்தான்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு ரெண்டு நாளா மனசே ஆறல. அதான் இதை எழுதுதேன்.

நான் மெடிக்கல் ரெப்பு. 2011லருந்து இந்த ஊர்லதான் சோலி. காலையில ஜங்சன், பகல்ல டவுனு, சாயங்காலம் பாளையங்கோட்டை, ராத்திரி ஹைகிரவுண்டுன்னு டாக்டருங்க இருக்குற நேரத்துக்கு ஏத்தாப்புல பைக்ல சுத்துறது. கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடி அஞ்சு வருசம் மூணு வேளையும் வெளியதான், இப்பவும் ரெண்டு வேளை வெளியதான். அதுல நான் புரிஞ்சிக்கிட்டது இதான்: இந்த ஊர்ல ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு நேரம் இருக்கு. அந்த நேரத்துல போனா சாதாரண கடையில கூட அமிர்தமா இருக்கும், நேரம் தப்பிப் போனா பேரு பெத்த கடையில கூட ஆறிப்போனதுதான் கெடைக்கும்.

டவுனுல இருந்தே ஆரம்பிக்கேன். டவுனுக்கு ரெண்டு நேரம். ஒண்ணு மத்தியானம் 12 மணியிலருந்து ஒண்ணரைக்குள்ள, இன்னொண்ணு சாயங்காலம் 5 மணிக்கு மேல. நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி நாலு ரத வீதி, அதுக்குப் பின்னால சந்து சந்தா போகும், அந்தச் சந்துக்குள்ள இருக்குற சின்ன மெஸ்ஸுங்கதான் மத்தியானத்துக்கு. போர்டு கூட சிலதுல இருக்காது. நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடையில வேலை பாக்குறவங்க ஷிப்ட் போட்டு வந்து சாப்புட்டுப் போவாவ, அதனால 12 மணிக்கு சோறு சூடா எறங்கும், ஒண்ணரை ஆச்சுன்னா கூட்டு தீந்து ரசம் மட்டும்தான். இலையில சோறு, அவியல், இடிசாம்பார், ஒரு அப்பளம், அவ்வளவுதான், ஆனா அந்த இடிசாம்பார் இருக்கே, மல்லி மிளகா கடலப்பருப்பு எல்லாத்தையும் வறுத்து அன்னன்னைக்கு இடிச்சுப் போடுற வாசம் தெருமுனையிலேயே வந்துரும். 2019 ஜனவரி 1ல பிளாஸ்டிக் தடை வந்ததுக்குப் பொறவு தட்டுல விரிக்குற அந்தப் பிளாஸ்டிக் பேப்பர் போயி திரும்ப வாழை இலை வந்த கடைங்க நெறைய. சூடு சோறு இலையில விழுந்தா வர்ற வாசத்துக்கு ஈடு கெடையாது, அது ரொம்ப நல்ல மாத்தம்னு நான் இன்னைக்கும் சொல்லுதேன்.

கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு ரெண்டையும் மெஸ்ஸுல எதிர்பாக்காதீங்க, என்னைக்காவது போட்டா அதிர்ஷ்டம். தொலி உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு பொங்கி எள்ளுத் துவையலோட சாப்புடுறது எல்லாம் வீட்டு சமாச்சாரம். சொதியும் அப்படித்தான், இப்ப சில ஓட்டல்ல போடுதாங்க, நானும் ரெண்டு மூணு எடத்துல சாப்புட்டுப் பாத்தேன், தப்பு சொல்ல மாட்டேன், ஆனா என் மாமியார் வீடு டவுனு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போனப்ப அத்தை வச்ச சொதிதான் எனக்கு அளவுகோல். தேங்காய்ப்பால் மூணு தடவை எடுக்கணும், மூணாம் பால்லயும் ரெண்டாம் பால்லயும் காயை வேக வச்சு, பாசிப்பருப்பை மசிச்சு விட்டு, இஞ்சியும் பச்சமிளகாயும் அரைச்சு விட்டு, முதல் பாலை கடைசியில ஊத்தி நுரை கட்டுறப்ப எறக்கிரணும், கொதிச்சா திரிஞ்சு போயிரும். சூடு கொஞ்சம் தணிஞ்ச பொறவுதான் எலுமிச்சம்பழம் பிழியணும். அன்னைக்கு நான் மூணாவது தடவை சோறு வாங்குனப்ப அத்தை "மாப்ள, இஞ்சித் துவையலைத் தொட்டுக்கிடுங்க, தேங்காப்பாலு மந்தம் பண்ணும்"னு சொன்னாவ. ஓட்டல்ல சொதி கொடுக்கான், கூட இஞ்சித் துவையல் வைக்க மறந்துருதான். யாராவது ஓட்டல் வச்சிருக்கவங்க இதைப் படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு அந்தத் துவையலை வைங்க.

சாயங்காலம் அல்வா. இருட்டுக்கடை கீழ ரத வீதியில கோயிலுக்கு எதுத்தாப்புல இருக்கு, 5 மணிக்கு மேலதான் தொறப்பாவ, அதுக்கு முன்னாடியே வரிசை நிக்கும், சரக்கு தீந்தா கடை அடைச்சிருவாவ. வெளியூர்க்காரங்க கிலோ கணக்குல வாங்கி பையில வச்சிக்கிட்டு ஓடுறாங்க, அது ஊருக்குக் கொண்டு போகச் சரி, ஆனா உள்ளூர்க்காரன் சாப்புடுற விதம் வேற. எந்த லாலா கடையா (அல்வா, மிச்சர் விக்குற கடையைத்தான் இங்க அப்படிச் சொல்லுவோம்) இருந்தாலும் நின்ன எடத்துல 100 கிராம் சூடா கேளுங்க, இலையில வச்சுத் தருவாவ, விரல்ல நெய் வழியும், அதைச் சாப்புட்ட கையோட கொஞ்சம் மிச்சரோ காராச்சேவோ வாயில போடணும், அப்பதான் தித்திப்பு திகட்டாது. சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டி, பால் எடுத்து, அதைத் தெளிய வச்சு, சீனியும் நெய்யும் விட்டு கை ஓயாம கிண்டுற சமாச்சாரம் இது. தாமிரபரணித் தண்ணிதான் ருசிக்குக் காரணம்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைய கூட சொல்லும், நானும் அதை நம்புறவன்தான். ஒரே ஒரு விசயம் கவனமா இருங்க. ஒருதடவை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில பாக்கெட்டு வாங்கி மதுரையில ஒரு டாக்டருக்குக் கொடுத்தேன், நெய் வாசமே இல்ல, டால்டா நாக்குல ஒட்டுது. அவரு ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் மானம் போச்சு. அதுலருந்து ருசி பாக்கக் கொடுக்காத கடையில நான் அல்வா வாங்குறதே இல்ல.

ஆனித் தேரோட்டம் சமயத்துல மட்டும் டவுனுக்கு இந்த நேரக் கணக்கு கெடையாது, பகல் முழுக்க மோரும் பானக்கமும் தெருத்தெருவா கொடுத்துக்கிட்டே இருப்பாவ, ராத்திரி பொருட்காட்சியில பெரிய அப்பளத்துல மிளகாப்பொடி தூவித் தருவான், புள்ளையளுக்கு அதான் திருவிழா.

மேலப்பாளையத்துக்கு நேரம் மஃரிப் தொழுகை முடிஞ்ச பொறவு. ஆறரை ஏழு மணிக்கு பள்ளிவாசல்லருந்து ஆளுங்க வெளிய வர்றப்ப டீக்கடையில சமோசா எண்ணெயிலருந்து எடுப்பாங்க பாருங்க, அந்த நிமிசத்துல அங்க இருக்கணும். அதுக்குப் பொறவு பரோட்டாக் கல்லு பத்த வைப்பாங்க. இங்க பரோட்டா சின்னதா, ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், அதை இலையில பிச்சுப்போட்டு சால்னாவை மேல ஊத்தி அஞ்சு நிமிசம் ஊற விடணும். பக்கத்துல பீஃப் சுக்கா. நான் முதல்ல போனப்ப சால்னாவைத் தனிக் கிண்ணத்துல கேட்டேன், மாஸ்டரு "அண்ணாச்சி, தொட்டுத் தின்னா எங்களுக்கு மனசு கேக்காது, ஊத்திச் சாப்புடுங்க"ன்னு அவரே ஊத்திட்டாரு, 14 வருசமா அப்படியே சாப்புடுதேன். செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை, அன்னைக்கு விடியக்காலமே கடைங்க முழிச்சிரும், வியாபாரிங்களுக்காக காலையிலேயே கறி ஆணமும் (கறிக்குழம்புதான்) இடியாப்பமும் கெடைக்கும். நோன்பு மாசத்துல மட்டும் பகல்ல போகாதீங்க, சாயங்காலம் போங்க. தூக்குச் சட்டியைக் கொண்டு போனா பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி ஊத்துவாங்க, யாரு என்ன சாதி மதம்னு கேட்டதே இல்ல. என் மவளுக்குக் காய்ச்சல் வந்தா இன்னைக்கும் அந்தக் கஞ்சியத்தான் கேக்கா.

பாளையங்கோட்டை பள்ளிக்கூடம், காலேஜு ஊரு. சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூல் விட்ட பொறவு முருகன்குறிச்சி, சமாதானபுரம் பக்கம் ஆமவடை, சுசியம், உளுந்தவடை, நன்னாரி சர்பத்துன்னு தள்ளுவண்டி எல்லாம் உயிர் வந்துரும். அஞ்சரையோட நல்லதெல்லாம் முடிஞ்சிரும். டிசம்பர் வந்துட்டா பேக்கரிங்கள்ல பிளம் கேக்கு, அது 20 தேதிக்கு மேல போனா கூட்டத்துல நிக்க முடியாது, மாச ஆரம்பத்துலயே வாங்கிருங்க. வண்ணார்பேட்டையப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, ஏசி போட்ட பெரிய ஓட்டலுங்க, ஞாயித்துக்கெழமை ராத்திரி குடும்பத்தோட போறதுக்கு, பார்க்கிங் இருக்கும், அவ்வளவுதான்.

பாளையிலருந்து திருச்செந்தூர் ரோட்டுல கோடையில காலையில போனா பதநீர் நிக்கும். பனை ஓலைப் பட்டையில ஊத்தி நுங்கைக் கீறிப் போட்டுத் தருவாவ. 9 மணிக்கு முன்னாடி குடிச்சிரணும். கலயத்துல சுண்ணாம்பு தடவி எறக்குறதுனாலதான் அது அந்த அளவுக்காவது புளிக்காம நிக்கி, வெயிலு ஏற ஏற ருசி மாறிரும்.

ஹைகிரவுண்டுக்கு நேரம் ராத்திரி. பெரியாஸ்பத்திரி அங்க இருக்கு, தென்காசி, அம்பை, ராதாபுரம், வள்ளியூர்னு எங்கெங்கயோ இருந்து ஆளைக் கொண்டாந்து சேத்துட்டு வெளிய சொந்தக்காரங்க உக்காந்துருப்பாவ. அவங்களுக்காக இருக்குற கடைங்க இது. ராத்திரி 11 மணிக்கும் இட்லி சூடா இருக்கும், சாம்பார்ல காரம் இருக்காது, ஏன்னா பாதி பார்சலு உள்ள நோயாளிக்குப் போகுது. நான் டாக்டரைப் பாத்துட்டு பத்தரைக்கு வெளிய வந்து சால்னாவும் பரோட்டாவும் தின்னு தின்னு ஆறாவது வருசம் வயித்துல புண்ணு வந்துட்டு. அதுலருந்து ராத்திரி 9 மணிக்கு மேல ஹைகிரவுண்டு இட்லிதான், சுக்குக்காபிதான். அம்மா உணவகத்தையும் சொல்லணும். காலையில 1 ரூவாக்கு இட்லி, மத்தியானம் 5 ரூவாக்கு சாம்பார் சாதம், 3 ரூவாக்கு தயிர் சாதம். மாசக் கடைசியில நான் சாப்புட்டுருக்கேன், பக்கத்துல கட்டட வேலைக்காரங்க, ஆஸ்பத்திரிக்கு வந்த ஆச்சிமாருங்க உக்காந்து மரியாதையா சாப்புட்டு எந்திரிச்சுப் போவாவ.

குத்தாலம் சீசன்ல ஜூன், ஜூலை சாரலுக்கு மட்டும் தென்காசி தாண்டி பிரானூர் பார்டர் வரைக்கும் போவோம். குளிச்சு நடுங்கிக்கிட்டு வந்து உக்காந்து பரோட்டாவும் மிளகுக்கோழியும் சாப்புடுறதுதான் அதோட ருசி. குளிக்காமப் போயி சாப்புட்டுப் பாத்துருக்கேன், அதே கடைதான், அதே கோழிதான், பாதி ருசிதான் இருந்துச்சு.

கடைசியா ஜங்சன். ஜங்சனுக்கு நேரம் விடியக்காலம். அங்க ஒரு அக்கா இட்லிக்கடை வச்சிருக்காவ, கடைன்னா ஒரு தகரக் கூரை, ரெண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ஏஎஸ்டி 16 அரிசிதான் போடுவாவ, குண்டரிசி, இட்லி பஞ்சு மாதிரி வரும், வேற அரிசியில அந்தப் பதம் வராதுன்னு அடிச்சுச் சொல்லுவாவ. தேங்காச் சட்னி, மிளகாப்பொடி நல்லெண்ணெய், சுடச்சுட உளுந்தவடை. ஜங்சன் பழைய பஸ் ஸ்டாண்டை இடிச்சுப் போட்டு வருசக்கணக்கா பஸ்ஸு உள்ள வராம இருந்தப்ப சுத்தி இருந்த டீக்கடை, இட்லிக்கடை எல்லாம் எப்படித் தவிச்சாவன்னு நான் தெனமும் பாத்தவன். அக்காவுக்கு 200 இட்லி போன எடத்துல 60 போகல.

அதுக்கு மேல 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். தாமிரபரணி கரை மீறி வந்து ஜங்சனு, கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸு எல்லாம் தண்ணிக்குள்ள. அந்த ரெண்டு நாளு எங்க தெருவுக்கு மேலப்பாளையத்துப் பயலுவ டிராக்டர்ல சோத்துப் பொட்டலம் கொண்டாந்தானுவ, தக்காளிச் சோறு, அந்தச் சோத்தை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். தண்ணி வடிஞ்சு நாலாவது நாளு ஜங்சன் போனேன். அக்கா கடையில கிரைண்டரு சேத்துக்குள்ள கவுந்து கெடக்கு, அரிசி மூட்டை ஊறிப் போயிக் கெடக்கு. அவங்க அழல, விளக்குமாத்தால சேத்தைத் தள்ளிக்கிட்டே "சாப்டியாலே?"ன்னு என்னையக் கேட்டாவ.

மூணு வாரத்துல திரும்ப அடுப்பு பத்த வச்சிட்டாவ. செவத்துல தண்ணி நின்ன கோடு இடுப்பு உசரத்துக்கு இன்னும் இருக்கு, வெள்ளை அடிக்கலையான்னு கேட்டா "அது கெடக்கட்டும்"பாவ. சித்தப்பா மவன் அடுத்த தடவை நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்குறப்ப நானே ஸ்டேசனுக்குப் போயி நேரா அங்கதான் கூட்டிட்டுப் போவேன். நீங்களும் வந்தா காலையில ஆறரைக்குள்ள வந்துருங்க, வடை ஏழு மணிக்கே தீந்துரும், ஏழரைக்கு மேல இட்லியும் இருக்காது.