ஈயமா, இரும்பா, காட்மியமா: பழைய சுரங்கத் தலைவிளக்கு பேட்டரிகள்

சுரங்கத் தொழிலாளர்கள் தொப்பியில் மாட்டிய பழைய கேப் லேம்ப் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பெயர்த்தகட்டைத்தான் தேய்த்துத் துடைக்கிறோம். எடிசன், வீட், ஓல்டாம், சியாக், நைஃப் என்று ஏதாவது ஒரு பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போல ஒரு நிம்மதி. ஆனால் அந்தப் பெயரை அப்படியே நம்ப முடியாது. சுரங்கத்தின் விளக்கறையில் ஒரு செட்டின் தலைப்பகுதியையும் இன்னொரு செட்டின் பேட்டரிப் பெட்டியையும் இணைத்து ஓட்டியிருக்கலாம். ஒரே கம்பெனி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகை பேட்டரிகளை விற்றிருக்கவும் கூடும். ஆகவே உள்ளே இருப்பது ஈயமா நிக்கலா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெயரெல்லாம் அப்புறம்.

போட்டி மூன்று வகைகளுக்குள்தான். 1859இல் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில செல்லின் வழியில் வந்தவை அமெரிக்காவின் வீட் விளக்கும் இங்கிலாந்தின் ஓல்டாமும். 1899இல் சுவீடனின் யுங்னர் உருவாக்கியது நிக்கல்-காட்மியம். 1901இல் எடிசன் காப்புரிமை கேட்டது நிக்கல்-இரும்பு. 1912இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீச்சுடர் விளக்குகளுக்கு மாற்று தேட வேண்டும் என்று அதன்பின் முனைந்தவர்கள் டைக், ரயன் என்ற இரு பொறியாளர்கள். 1914இல் அவர்கள் தொடங்கிய எம்.எஸ்.ஏ. (மைன் சேஃப்டி அப்ளையன்சஸ்) நிறுவனம் எடிசனோடு சேர்ந்து மின் தலைவிளக்கைக் கொண்டுவந்தது. அந்த விளக்கின் இடுப்புப் பெட்டியில் இருந்தது நிக்கல்-இரும்பு செல்கள்தான்.

பெட்டியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அமிலம் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் ஈய பேட்டரிக்குக் கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) பெட்டி, பிற்காலத்தில் பிளாஸ்டிக். நிக்கல் வகைகளில் இருக்கும் திரவம் காரம், அது இரும்பை ஒன்றும் செய்யாது. அதனால் நிக்கல் வகைகளின் செல்கள் பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு டப்பாக்களில் இருக்கும். ஆனால் ஈய பேட்டரிகளிலும் மேல்மூடி உலோகமாக இருப்பதுண்டு, நிக்கல் வகைகளும் பின்னாளில் பிளாஸ்டிக்குக்கு மாறின. எனவே பெட்டி ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அடுத்து மல்டிமீட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஈய செல் ஒன்றுக்கு 2 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 4 வோல்ட். நிக்கல் செல் எதுவானாலும் 1.2 வோல்ட், மூன்று சேர்ந்தால் 3.6. கணக்குப் பார்த்தால் குழப்பமே வரக்கூடாது. ஆனால் சார்ஜிலிருந்து அப்போதுதான் கழற்றிய நிக்கல் செல் 1.35 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். மூன்றையும் கூட்டினால் 4.1 வருகிறது. இளைப்பாறிய ஈய ஜோடியும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். 4.1 என்று பார்த்தவுடன் ஈயம் என்று முடிவுகட்டி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் அமில ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றியபோது, செல்லுக்கு ஒன்றாக மூன்று நிரப்புத் துளைகள்! நல்லவேளை, கண்ணாடிக் குழாய் உள்ளே இறங்கவில்லை. அன்றிலிருந்து வோல்ட் பார்க்கும் முன் துளைகளை எண்ணுகிறேன். இரண்டு துளையும் நான்கு வோல்ட்டும் என்றால் ஈயம். மூன்று துளை என்றால் நிக்கல். இரண்டு துளை இருந்து இரண்டரை வோல்ட்டுக்குள் காட்டினால் அதுவும் நிக்கல்தான், ஆரம்பகால இரட்டைச் செல் வகை. பல்பைப் போட்டு அரைமணி நேரம் எரியவிட்டு அளந்தால் இன்னும் தெளிவாகும்: நல்ல ஈய ஜோடி 4 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், மூன்று நிக்கல் செல்கள் 3.7க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

செத்துக் கிடக்கும் பேட்டரியில் மீட்டர் எதையும் சொல்லாது. அப்போது திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து லிட்மஸ் தாளில் வைக்க வேண்டியதுதான். நீலம் சிவந்தால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கண்ணில் பட்டால் இந்தக் காரம் அமிலத்தைவிட மோசம், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரும் உதவும்: முழு சார்ஜில் அமிலம் 1.28ஐ ஒட்டி நிற்கும், சார்ஜ் குறையக் குறைய அதுவும் குறையும். காரம் சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1.20 வாக்கில் அசையாமல் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே கருவி கூடாது. மிச்சமிருக்கும் அமிலத் துளிகள் போதும், நிக்கல் செல்லைக் கெடுக்க.

சரி, நிக்கல் என்று தெரிந்துவிட்டது. இரும்பா காட்மியமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். நேர்மின் தகடு இரண்டிலும் நிக்கல் ஹைட்ராக்சைடு, திரவம் இரண்டிலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எதிர்மின் தகடுதான் வேறு, அதுவும் காட்மியத் தகடுகளில் இரும்பைக் கலப்பது வழக்கமாக இருந்ததால் எல்லை மங்கலாகிறது. பெயர்த்தகடு இல்லாவிட்டால் நடத்தையை வைத்துத்தான் சொல்ல முடியும். சார்ஜின் இறுதியில் இரும்பு வகை செல்லுக்கு 1.7 வோல்ட் வரை ஏறும், வழியெல்லாம் வாயுவைக் கக்கிக்கொண்டே போகும். முழுதாக சார்ஜ் செய்து ஒரு மாதம் சும்மா வைத்துப் பாருங்கள். இரும்பு தன் சார்ஜில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தானாகவே தொலைத்திருக்கும், காட்மியம் பெரும்பகுதியைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

விளக்காக ஒப்பிட்டால் ஈயத்துக்குத்தான் என் ஓட்டு. 4 வோல்ட், 1 ஆம்பியர் பல்பைப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க எரிக்க 10 முதல் 12 ஆம்பியர்-மணிக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும். ஈயம் அதைச் சீரான வெளிச்சத்தோடு தந்தது, சார்ஜ் செய்யும்போதும் வீணாக்கவில்லை. இரும்பு வகையோ போட்டதில் கணிசமான பங்கை வெப்பமாகவும் வாயுவாகவும் தின்றுவிடும். குளிரிலும் அது சுணங்கும்.

ஆனால் நாற்பது ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்த பிறகு கதை தலைகீழாகிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் விட்ட ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகிவிடும். அதை உயிர்ப்பிக்கிறேன் என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுவது எனக்குத் தெரிந்தவரை வீண்வேலை. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஈயத்தை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். அதே காலம் காலியாகக் கிடந்த எடிசன் வகை எழுந்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு காரம் சேர்ந்து உண்டான கார்பனேட். உள்ளே இருக்கும் திரவமும் அப்படித்தான் கெட்டிருக்கும், மாற்ற வேண்டும். பழையதைக் கொட்டிய கையோடு புதியதை ஊற்றிவிடுங்கள், தகடுகள் காற்றில் காய்ந்தால் எதிர்மின் தகடு சூடாகி வீணாகும். அப்புறம் நான்கைந்து முறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் கொள்ளளவு மெதுவாகத் திரும்பும். காட்மியமும் இதே அளவு பொறுமைசாலிதான், ஆனால் நச்சு உலோகம் என்பதால் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

எந்த வகையானாலும் திறந்த இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பல விளக்குகளில் பெட்டியைத் திறக்காமல் தலைப்பகுதியின் தொடர்பு முனைகள் வழியாகவே சார்ஜ் ஏறும், ஆகவே வயரை இணைக்கும் முன் எது நேர்முனை என்று அளந்துகொள்ளுங்கள். பல்பின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பாருங்கள்: இரண்டரை வோல்ட் பல்பை ஈய ஜோடியில் மாட்டினால் ஒரு மின்னல், அத்தோடு சரி. நான்கு வோல்ட் பல்பை இரட்டை நிக்கல் செல்லில் மாட்டினால் தணல் போலச் சிவந்து கிடக்கும்.

திரும்பி அலமாரிக்குப் போகும்போது ஈயம் முழு சார்ஜில் போக வேண்டும், மாதம் ஒருமுறை ஊட்டவும் வேண்டும். எடிசன் வகையை முழுதாக இறக்கி, திரவத்தை உள்ளேயே விட்டு, மூடியை இறுக்கி வைத்தால் போதும்.