அடிபட்ட படைவீரருக்குச் சக்கர நாற்காலி: கொடிநாள் நிதியா, ஆன்லைன் வசூலா, மாதச் சந்தாவா?

வேலூர் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போனவர்கள் இருப்பார்கள். கொஞ்சம் தள்ளி இருக்கும் கம்மவான்பேட்டையை மிலிட்டரிக்காரர்கள் ஊர் என்றே சொல்வார்கள். அதனால் அடிபட்டு வந்த ஒரு படைவீரருக்கு உதவி என்று கேட்டால் இங்கே யாரும் இல்லை என்று சொல்வதில்லை. எந்த வழியில் பணம் திரட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் மூன்று மாதம் பேச்சு இழுத்தது. கொடிநாள் நிதிக்கு மொத்தமாகக் கட்டிவிடலாம் என்றார் ஒருவர், ஆன்லைனில் போட்டால் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் வரும் என்றார் இன்னொருவர், ஊருக்குள்ளேயே மாதச் சந்தா பிடிக்கலாம் என்றோம் நாங்கள் சிலர். சந்தாவைத்தான் எடுத்தோம். இரண்டு வருடம் ஓடிவிட்டது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல முதலில் ஒரு திண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். காஷ்மீரில் பணியில் இருந்தபோது முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டது. சிகிச்சை, பயிற்சி எல்லாம் முடிந்து அவர் ஊருக்கு வந்த வருடமே வெளியூர் நலச்சங்கம் ஒன்று ஜாய்ஸ்டிக் வைத்த மின்சாரச் சக்கர நாற்காலி கொடுத்தது. பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, ஊரே கூடி நின்று கைதட்டினோம். ஒன்றரை வருடத்தில் அதன் இரண்டு லெட் ஆசிட் பேட்டரிகளும் இறங்கிவிட்டன. அதை நாற்காலியின் குற்றம் என்று சொல்ல முடியாது, தினமும் ஓட்டினால் அந்த வகை பேட்டரிக்கு ஆயுசே ஏறக்குறைய அவ்வளவுதான். கொடுத்த சங்கத்தைக் கேட்கலாம் என்றால் அங்கே பொறுப்பாளர்கள் மாறிவிட்டார்கள், புதிதாக வந்தவர்களுக்கு இப்படி ஒரு நாற்காலி கொடுத்ததே தெரியவில்லை. டவுனில் ஒரு கடையில் வேறு அளவு பேட்டரியைக் கட்டிக் கொடுத்தார்கள், அதில் கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் ஜாய்ஸ்டிக்கோடு இருக்கும் கன்ட்ரோலர் போனது. அந்தப் பாகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது நாற்காலி திண்ணை ஓரத்தில் பழைய சேலை போர்த்தி நின்றது, சேலை விலகிய இடத்தில் கால்மிதித் தகடு துருவேறிக் கிடந்தது. "ஐம்பது கிலோவுக்கு மேல இருக்குதுப்பா, என்னால நகத்தவும் முடியல, குடுத்தவங்க மனசு கஷ்டப்படும்னு எடைக்குப் போடவும் முடியல" என்றார் அண்ணி. அண்ணன் உள்ளே கட்டிலில் இருந்தார். நாலு மாதமாக வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

வசூல் வழிகளை ஒப்பிடும்போது எவ்வளவு வரும், எத்தனை நாளில் வரும், வரிச்சலுகை உண்டா என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கருவி வாங்கிய பதினெட்டாவது மாதம் பேட்டரிக்கு யார் பணம் தருவார்கள்? எனக்கு இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

கொடிநாள் நிதியைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. 1949லிருந்து டிசம்பர் 7 கொடிநாள், பள்ளியில் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு போனது எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தனித்தனியாக இருந்த பல நிதிகளை 1993ல் ஒன்றாக்கி, மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு அதை நிர்வகிக்கிறது. தண்டுவடம் அடிபட்ட வீரர்கள் தங்கியிருக்கும் கிர்கி, மொஹாலி மறுவாழ்வு மையங்களுக்கு இதிலிருந்து பணம் போகிறது. புனேயை ஒட்டிய கிர்கி மையம் 1974ல் தொடங்கியது, திரும்பிப் போக வீட்டில் வசதி இல்லாதவர்களுக்கு அதுதான் வீடு. பணி ஓய்வுக்குப் பிறகு ஊனமுற்று, பாதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்கவும் உதவித்தொகை உண்டு. கொடுப்பவருக்குப் பழைய வரிமுறையில் 80ஜி சலுகை கிடைக்கும், புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்குக் கிடைக்காது. உங்கள் மனதில் குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லை, படைவீரர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் தெரு அண்ணனுக்கு பேட்டரி என்று அதில் குறித்துக் கொடுக்க முடியாது. நாடு முழுமைக்குமான நிதி அப்படி இருக்கவும் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வசூலில் இறங்குமுன் உரிமையாகக் கிடைக்க வேண்டியதை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் 2003லிருந்து இருக்கிறது, வேலூரிலேயே அதன் பாலிகிளினிக் உண்டு. கால் இழந்தவர்களுக்கு புனேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் 1944லிருந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து, நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மாநில அரசும் கொடுக்கிறது. அதெல்லாம் போக எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கேதான் ஊர்ப்பணம் போகவேண்டும்.

ஆன்லைன் வசூலுக்கு வேகம்தான் பலம். படம் நன்றாக இருந்து, நாலு பேர் நல்லபடியாகப் பகிர்ந்தால், நாங்கள் எட்டு மாதத்தில் சேர்த்ததை எட்டு நாளில் சேர்த்துவிடலாம். பணம் கை மாறி வர அந்தத் தளத்துக்குக் கட்டணம் கொஞ்சம் போகும், அது பெரிய விஷயமில்லை. எங்களை நிறுத்தியது அந்தப் படம்தான். படுக்கைப்புண் இருந்த காலத்தில் எடுத்த ஒரு படத்தைப் போட்டால் பணம் கொட்டும் என்று ஒரு தம்பி சொல்ல, அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "யூனிஃபார்ம் போட்ட ஃபோட்டோ போடுறதா இருந்தா போடு, இல்லைன்னா விட்டுடு தம்பி" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டாவது, பெயர் சொல்லித் தொகை போட்டு இலக்கு வைத்து வசூல் செய்தால், இலக்கு நிரம்பியதோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. அடுத்த வருடம் அதே ஆள் பேட்டரிக்காக வந்து நின்றால் போன வருடம்தானே கொடுத்தோம் என்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை: இந்தியக் குடிமகனாகவே இருந்து சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், எங்களைப் போல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. ஆசையோடு அனுப்ப வந்த இரண்டு உறவினர்களிடம் இதைச் சொல்லி, கொடுக்க நினைத்ததைப் பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுக்கச் சொன்னோம்.

ஆன்லைன் பொருந்தும் இடமும் உண்டு. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு மின்னணு முழங்கால் வாங்கவேண்டும் என்றால் அது பல லட்சம் பிடிக்கும். 1997ல் ஜெர்மனியின் ஆட்டோபாக் கொண்டுவந்த சி-லெக் வகை அது, உள்ளே இருக்கும் சென்சார் நடையைக் கவனித்துக்கொண்டே இருந்து முழங்காலின் இறுக்கத்தை மாற்றும். அந்தத் தொகை கிராமச் சந்தாவில் சேராது. இதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, அதைப் போட்டிருக்கும் ஒருவரிடம் ஒரு மதியம் பேசியதோடு சரி. அவர் சொன்னதிலும் பாதி பராமரிப்புதான்: ஃபோன் மாதிரி அடிக்கடி சார்ஜ் போடவேண்டும், சொன்ன காலத்தில் சர்வீஸுக்கு அனுப்பவேண்டும், மொட்டைக்காலின் பருமன் மாறும்போது அது பொருந்தி உட்காரும் கிண்ணமான சாக்கெட்டைப் புதிதாகச் செய்யவேண்டும், மொட்டைக்காலில் உறைபோல மாட்டும் சிலிக்கோன் லைனர் ஆறு மாதம் ஒரு வருடத்தில் கிழிந்துபோகும். பல லட்சம் திரட்டுபவர்கள் இந்தச் செலவையும் அந்த இலக்கிலேயே சேர்த்துக் கேட்டுவிட்டால் நல்லது.

இனி எங்கள் சந்தா. மாதம் 200 ரூபாய், முதல் வருடம் 64 பேர். எட்டு மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அண்ணனுக்கு என்ன வாங்குவது என்பதில் இன்னொரு மின்சார நாற்காலி வேண்டாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவு. கையால் தள்ளும் நல்ல நாற்காலி ஒன்று, அதன் முன்னால் மாட்டிக் கழற்றும் மோட்டார் சக்கரம் ஒன்று என்று முடிவு செய்தோம். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோஃபிளை நாற்காலியும் நியோபோல்ட் இணைப்பும் இந்த வகைதான். 2021ல் நாற்காலி 39,900 ரூபாய், இணைப்பு 55,000. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். எண்களை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் அமைப்பு. மோட்டார் ஒருநாள் நின்றாலும் கழற்றி வைத்துவிட்டு கையால் தள்ளிக்கொண்டு போகலாம், ஆள் கட்டிலுக்குத் திரும்பவேண்டியதில்லை. பழைய மின்சார நாற்காலி நின்ற நாளே அண்ணனின் வெளியுலகமும் நின்றுபோனது.

வாங்குமுன் பாகாயத்தில் இருக்கும் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையத்துக்கு அழைத்துப் போனோம். தானே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966ல் தொடங்கிய இடம் அது. அங்கே இருந்த தெரபிஸ்ட் டேப்பை எடுத்து இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலுக்குக் கீழே உள்ள நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். பழைய நாற்காலி அண்ணனுக்கு இரண்டு அங்குலம் அகலம் அதிகம், அதனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கத்தில்தான் புண் வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. உணர்வில்லாத உடம்பு, அழுந்துவது தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிவிட வேண்டும், அடியில் நல்ல காற்றுக் குஷன் இருக்கவேண்டும். எங்கள் பட்ஜெட்டில் குஷன் என்ற வரியே கிடையாது. நாற்காலிக்குப் பணம் கொடுக்கப் பத்து பேர் வருவார்கள், குஷனுக்கு என்று யாரும் கேட்டு வருவதில்லை. அதன் விலை பல ஆயிரம், ஓட்டை விழுந்தால் அன்றைக்கே ஒட்டவேண்டும், சில வருடங்களில் மாற்றவும் வேண்டும். மாதாமாதம் கையில் பணம் வந்துகொண்டிருந்ததால் அடுத்த மாதமே வாங்க முடிந்தது. ஒரே தடவையில் வசூலித்து முடித்திருந்தால் அந்த நேரத்தில் கை காலியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் வந்த செலவுகளைச் சொன்னால் படம் புரியும். வாசலில் சாய்தளம்: திண்ணை ஒன்றரை அடி உயரம், ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடி வேண்டியிருந்தது, தெருவில் அவ்வளவு இடமில்லாததால் எல் வடிவில் திருப்பிக் கட்டினோம், கொத்தனார் கூலி வாங்கவில்லை. இடி மின்னலில் சார்ஜர் போனது. முள் குத்தி டியூப் மாற்றியது எத்தனை தடவை என்று நினைவில்லை, அதை ஊர் சைக்கிள் கடையிலேயே பார்த்துக்கொள்கிறோம். பேட்டரி மூன்று நாலு வருடத்தில் மாற்றவேண்டி வரும் என்று எடுத்துக்கொண்டு ஒரு தொகையைத் தனி டெபாசிட்டில் போட்டிருக்கிறோம், ஆனால் எங்களுடையது இன்னும் அந்த வயதை எட்டவில்லை, அதனால் இந்த ஒன்று எங்கள் அனுமானம் மட்டுமே.

சந்தாவின் கஷ்டங்களையும் சொல்லவேண்டும். 64 பேர் இப்போது 51 ஆகிவிட்டார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், பொங்கல் செலவு என்று வரும்போது பாதிப் பேர் தள்ளிப் போடுவார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்பவருக்கு அலுப்பு வரும். முதலில் ஒரே ஆள் வசூல் செய்தார், இப்போது தெருவுக்கு ஒருவர். கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில்தான் வங்கியில் இருக்கிறது, பில் எல்லாம் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டுவிடுகிறோம், ஐம்பது ரூபாய் பஞ்சர் பில் உட்பட. இதில் யாரும் சலுகை எதிர்பார்க்கக் கூடாது, எங்கள் குழுவுக்கு 80ஜி கிடையாது. அப்புறம் ஒரு கிராமத்துச் சந்தா ஒருவரை, மிஞ்சிப் போனால் இரண்டு பேரைத்தான் தாங்கும். பெரிய ஊரில், ஒருவரையொருவர் தெரியாத இடத்தில் இது நடக்குமா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அண்ணன் இப்போது காலையில் மகளைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டு, திரும்பும் வழியில் டீக்கடையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருகிறார். போன மாதம் பக்கத்து ஊரில் முழங்காலுக்குக் கீழே கால் இழந்த, நாயக் பதவியில் இருந்த ஒரு முன்னாள் படைவீரரைப் பற்றி அவர்தான் குழுவில் சொன்னார். செயற்கைக் கால் நன்றாக இருக்கிறது, லைனர்தான் கிழிந்து, துணி சுற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிறாராம். இந்த மாதச் சந்தா அந்த லைனருக்கு, மிச்சம் இருந்தால் அண்ணன் வண்டியின் முன் டயருக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம்.