நடையா, சைக்கிளா?

சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் செங்கோட்டைப் பக்கம் கேட்கிற கேள்வி இது.

செலவு: நடைக்கு நல்ல ஷூ போதும். சைக்கிளுக்கு டியூப், பிரேக் கட்டை என்று பின்னாலேயே வரும்.

மூட்டு: முழங்கால் வலிக்கு சைக்கிள்தான், உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும், ஆனால் அதே காரணத்தால் எலும்பு வலுவுக்கு நடைதான் மேல், ஐம்பது தாண்டிய பெண்கள் இதைக் கவனியுங்கள்.

நேரம்: உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, மூச்சு வாங்க என்றால் 75. புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் மிதித்தால் இரண்டாவது கணக்குதான்.

சாரல் காலத்தில் குடையோடு நடக்கலாம். வழுக்கும் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே சைக்கிள் எதற்கு?

சர்க்கரைக்காரர்கள் சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு சமதளத்தில் சைக்கிள். அப்புறம், இரண்டுமே கைகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வாரம் இரண்டு நாள் எடையும் தூக்குங்கள்.