படியிறங்கப் பழக்குவது: தடுப்புக் கதவா, உட்கார்ந்தா, குப்புறப் படுத்தா?

தவழும் பிள்ளை படியேறச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், இறங்கக் கற்பதோ தாமதமாகத்தான். அந்த இடைப்பட்ட மாதங்களில் ரங்கூன் வீடுகளில் யாருக்கும் நிம்மதி இருக்காது. எங்களுடையது கீழ்த்தளக் கடைவீடு. உள்ளே அரை மாடிக்குச் செங்குத்தான மரப்படி, வெளியே எல்லா மாடிக்கும் பொதுவான குறுகிய சிமெண்டுப் படி. தடுப்புக் கதவு, உட்கார்ந்து நகர்வது, குப்புறப் படுத்துப் பின்பக்கமாக இறங்குவது என்று மூன்றையும் குடும்பத்துக்குள் பார்த்தாயிற்று. மகனுக்கு நாங்கள் பழக்கியது மூன்றாவது முறை.

கதவு கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. மேல்படிக்குத் திருகாணியால் இறுக்கும் வகைதான் சரி. இரு பக்கச் சுவரையும் அழுத்தி நிற்கும் வகை, குழந்தை சாய்ந்தால் பெயர்ந்துவிடலாம். பழைய கட்டடங்களில் சுவர்ப்பூச்சு உதிரும், திருகாணி நிற்காது. முதலில் மரச்சட்டம் அடித்து அதில்தான் மாட்ட வேண்டும். ஆனால் கதவு காப்பது அந்த ஒரு படியை மட்டும். பொதுப்படியில் யார் கதவு போடுவார்கள்? பூஜைக்கோ விருந்துக்கோ போகிற வீட்டில்?

உட்கார்ந்து இறங்குவதற்கு என் நாத்தனார் மகன் உதாரணம். திரும்பத் தேவையில்லை, போகிற வழி கண்ணுக்குத் தெரியும், குப்புறப் படுக்க அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் ஒத்துவரும். இதெல்லாம் உண்மைதான்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: தவறினால் என்ன ஆகும்? கைக்குழந்தைக்கு உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். பாரமெல்லாம் மேலே. கீழ்நோக்கி உட்கார்ந்த பிள்ளை கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே தலை முந்திக்கொண்டு போகும், பிடித்துக்கொள்ள முன்னால் எதுவும் இருக்காது. குப்புற இறங்கும் பிள்ளைக்குக் கை, வயிறு, முழங்கால் எல்லாமே படியைத் தொட்டிருக்கும். வழுக்கினால் வயிறு உரசியபடி ஒரு படி, இரண்டு படி சறுக்கும். அழுகை பெரிதாக இருக்கும், தலை தப்பிவிடும். மழைக்காலத்தில் எல்லோர் செருப்பு ஈரமும் பொதுப்படியில்தான். கரண்ட் போனால் அங்கே பட்டப்பகலிலும் இருட்டு. அப்படிப்பட்ட படியில் கண்ணை நம்புவதைவிடக் காலால் துழாவி இறங்குவதுதான் எனக்குத் தைரியம் தருகிறது.

இதில் கடினம் இறங்குவதல்ல, திரும்புவது. விளிம்புக்கு வந்த பிறகு திரும்பினால் பிள்ளை பக்கவாட்டில் உருண்டுவிடும். ஒரு கை தூரம் முன்பே திரும்பப் பழக்க வேண்டும். தரையில் போட்ட மெத்தையின் விளிம்பில் தொடங்குங்கள். “திரும்பு கண்ணு, காலை விடு” என்று தினமும் ஒரே சொல்லைச் சொல்லி, இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டு, ஒரு பாதத்தை மட்டும் மெல்ல இழுத்துத் தரையில் வையுங்கள். பாதம் தரையைத் தொட்டதும் முகத்தில் இருக்கிற கலக்கம் போகும். அதைப் பார்த்த பிறகு அடுத்த கால். மெத்தை பழகியபின் படிக்கட்டின் கடைசி இரண்டு படி, அப்புறம் மெதுவாக மேலே. பெரியவர்கள் எப்போதும் பிள்ளைக்குக் கீழ்ப்படியில், கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வெறுங்கால்தான் நல்லது, காலுறை வழுக்கும். கையில் பொம்மை வேண்டாம். காலில் சிக்கும் நீளப் பாவாடையும் வேண்டாம்.

“பிள்ளைக்குப் படியைக் காட்டினால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும்” என்பார் என் அத்தை. அவர் சொன்னதில் பாதி பலித்தது. மகன் படியை விட்டு நகரமாட்டான், ஆனால் திரும்பாமல் காலை வைக்கவும் மாட்டான். கதவையும் நாங்கள் கழற்றவில்லை. பழகிய பிள்ளையும் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடும்.

எனக்கு ஒரு பிள்ளை அனுபவம்தான். இடையில் பலகை அடைக்காத, ஏணி மாதிரி திறந்த மரப்படியில் இதைச் செய்து பார்த்ததில்லை. கால் உள்ளே நுழைந்துவிடும் என்பதால் அங்கே நான் கதவோடு நிறுத்திக்கொள்வேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக் காலால் உந்தவிடும் சக்கர நடைவண்டி படியுள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாது. படியில் உருளும் விபத்துகளால் கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது.

நடக்கத் தொடங்கியதும் பெரியவர்கள் மாதிரி நின்றபடி இறங்கத்தான் பிள்ளை ஆசைப்படும். மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்க மூன்று, நான்கு வயதாவது ஆகும். அதுவரை வீட்டுப்படியில் எங்கள் கையைப் பிடித்து நின்று இறங்கலாம், வெளிப்படியில் குப்புறத்தான் என்று வைத்திருக்கிறோம்.